பள்ளிக் கண்காட்சிக்கு வாடகைக்கு எடுத்த மாதிரிச் சரக்கு ரயில்: 58 வேகன், 3 இன்ஜின்

மதுரை டவுன் ஹால் ரோட்டிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், மாடியில் இயங்கும் ஒரு கடை, மாதிரி ரயில்களை விற்பதோடு பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் வாடகைக்கும் தருகிறது. திருமங்கலம் பக்கத்தில் என் பேத்தி படிக்கும் மேல்நிலைப் பள்ளியில் கடந்த தை மாதம் அறிவியல் கண்காட்சி நடந்தபோது, உலகின் மிக நீளமான, மிக வலுவான ரயில்களைப் பற்றி ஓர் அரங்கு அமைத்துத் தரும்படி தலைமையாசிரியை என்னிடம் கேட்டுக்கொண்டார். மதுரைக் கோட்டத்தில் 31 ஆண்டுகள் கூட்ஸ் கார்டாக வேலை பார்த்தவன் என்பதால் எனக்கு அந்தப் பொறுப்பு வந்தது. நானும் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டேன். மூன்று நாள் வாடகை 9,500 ரூபாய், திருப்பித் தரத்தக்க முன்பணம் 5,000 ரூபாய். அதற்கு மூன்று டீசல் இன்ஜின்கள், 58 வேகன்கள், ஒரு பிரேக் வேன் (கடைசியில் கார்டு இருக்கும் பெட்டி), தண்டவாளத் துண்டுகள், மின்சாரப் பெட்டி, சுவரில் மாட்டும் விளக்கப் பலகைகள் ஆகியவற்றோடு, பொருத்திக் கொடுக்க ஓர் இளைஞரையும் அனுப்பினார்கள். இதே போன்ற அரங்கை அமைக்க நினைக்கும் ஆசிரியர்களுக்குப் பயன்படட்டும் என்றே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

மாதிரி 87-இல் ஒரு பங்கு அளவில் செய்யப்பட்டது. தண்டவாளங்களுக்கு இடையே உள்ள அகலம் 16.5 மில்லிமீட்டர். இந்த அகலம் 1,435 மில்லிமீட்டர் பாதைக்கு உரியது. நம் அகலப் பாதை 1,676 மில்லிமீட்டர் என்பதால், நம் ரயிலைச் சரியாகக் காட்ட 19 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வேண்டும். ஆனால் உலகச் சாதனை படைத்த ஆஸ்திரேலியச் சரக்கு ரயில் ஓடியது 1,435 மில்லிமீட்டர் பாதையில்தான் என்பதால், இந்தத் தலைப்புக்கு இதை ஒரு குறையாக நான் கொள்ளவில்லை.

முதலில் நீளத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2001 ஜூன் 21 அன்று, மேற்கு ஆஸ்திரேலியாவின் யாண்டி சுரங்கத்திலிருந்து போர்ட் ஹெட்லாண்ட் துறைமுகம் வரை 275 கிலோமீட்டர் தூரம், பிஎச்பி என்ற சுரங்க நிறுவனம் 682 வேகன்களும் 8 இன்ஜின்களும் கொண்ட ஒரே ரயிலை இரும்புத் தாதுவுடன் ஓட்டியது. அதன் நீளம் 7.353 கிலோமீட்டர், மொத்த எடை 99,734 டன். அதை இந்த மாதிரியின் அளவில் அமைக்க வேண்டுமானால் 84.5 மீட்டர் வரிசை தேவை. கடையில் அத்தனை வேகன்கள் இல்லை. இருந்திருந்தாலும் எந்தப் பள்ளியும் அந்த வாடகையைக் கொடுக்க முடியாது. எனவே வேகன்களால் காட்ட முடியாததைக் கயிற்றால் காட்டினோம். எங்கள் 58 வேகன் வரிசை இன்ஜின்களோடு சேர்த்து 8 மீட்டருக்குச் சற்று மேல் வந்தது. அது ஏறத்தாழ 700 மீட்டருக்குச் சமம், அதாவது கூடல்நகர் வழியாக நாம் அன்றாடம் பார்க்கும் ஒரு சாதாரண சரக்கு ரயில். அதன் அருகிலிருந்து வராந்தா நெடுகிலும் ஐந்து நிறக் கயிறுகளைப் பிள்ளைகள் கட்டினார்கள். சுவிட்சர்லாந்தின் ரேட்டியன் ரயில்வே 2022 அக்டோபர் 29 அன்று அல்புலா மலைப்பாதையில் ஓட்டிய 100 பெட்டிப் பயணிகள் ரயில் 1,906 மீட்டர். கயிற்றில் 22 மீட்டர். சகாரா பாலைவனத்தின் ஊடாக மவுரித்தேனியாவில் இரும்புத் தாது ஏற்றிச் செல்லும் ரயில் இரண்டரைக் கிலோமீட்டர். கயிற்றில் 29 மீட்டர். 2022 ஆகஸ்ட் 15 அன்று சத்தீஸ்கரின் கோர்பாவிலிருந்து ராஜ்நந்த்காவ் வரை நிலக்கரி ஏற்றிச் சென்ற நம்முடைய 'சூப்பர் வாசுகி' மூன்றரைக் கிலோமீட்டர். கயிற்றில் 40 மீட்டர். 2025 ஆகஸ்டில் உத்தரப் பிரதேசத்தின் கஞ்ச்குவாஜாவிலிருந்து ஜார்க்கண்டின் கர்வா வரை 354 வேகன்களோடு ஓடிய 'ருத்ராஸ்திரா' நாலரைக் கிலோமீட்டர். அந்தக் கயிறு வராந்தாவின் கடைசித் தூணைத் தொட்டது. ஆஸ்திரேலியக் கயிறோ படியிறங்கி, விளையாட்டுத் திடலைக் கடந்து, வேப்பமரத்தடியில் போய்த்தான் முடிந்தது. அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மரம் வரை நடந்து திரும்பிய பிள்ளைகளுக்கு 7.353 என்ற எண்ணை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. கயிற்றுக்கு ஆன செலவு மொத்தமே 340 ரூபாய். கடை இதைத் தருவதில்லை, நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி வண்டிக்கு வருகிறேன். இன்ஜின் ஒவ்வொன்றும் சுமார் 400 கிராம் எடை. உடல் பிளாஸ்டிக், அடிப்பகுதி உலோக வார்ப்பு, ஆறு அச்சுகளுக்கும் மோட்டாரின் விசை செல்கிறது. வேகன்களின் சக்கரங்கள் உலோகத்தில் இருப்பது பாராட்டத்தக்கது. பிளாஸ்டிக் சக்கரங்கள் தூசியைச் சேர்த்துக்கொண்டு விரைவில் இழுவையைக் கூட்டிவிடும். ஒரே இன்ஜினை மாட்டி, வேகன்களை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போனோம். 28 வேகன் வரை இழுத்தது. 29-ஆவதைச் சேர்த்ததும் வண்டி நகரவில்லை. சக்கரங்கள் மட்டும் நின்ற இடத்திலேயே சுழன்றன. மோட்டாரில் வலு தீரவில்லை, தண்டவாளத்தின் மேல் பிடிமானம்தான் தீர்ந்துபோனது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. மீன் தூண்டிலில் கட்டும் ஈயக் குண்டுகளை 150 கிராம் அளவுக்கு இன்ஜினின் உள்ளே வைத்துக் கட்டியபோது 36 வேகன் வரை இழுத்தது. பெரிய இன்ஜின்களைக் கனமாகச் செய்வதும், மழைக்காலத்தில் சக்கரத்தின் அடியில் மணல் தூவுவதும் இதற்காகத்தான். பீகாரின் மதேபுராவில் அல்ஸ்தாம் நிறுவனத்தோடு சேர்ந்து கட்டப்படும் நம் டபிள்யூஏஜி-12பி இன்ஜின் 12,000 குதிரைத் திறன் கொண்டது. அதன் எடை 180 டன். அந்த எடை எட்டு அச்சுகளில் பகிர்ந்து அழுத்தினால்தான் அந்தத் திறன் தண்டவாளத்தில் இறங்கும்.

அடுத்து நடந்ததுதான் இந்த மாதிரியின் உண்மையான சோதனை. 80-க்கு 1 என்ற ஏற்றத்தில், அதாவது 80 சென்டிமீட்டருக்கு 1 சென்டிமீட்டர் உயரும்படி, பலகையைச் சாய்த்து, மூன்று இன்ஜின்களையும் முன்னால் மாட்டி, 58 வேகன்களையும் கோத்தோம். கடையின் இளைஞர் தயங்கினார்.

"மூணையும் முன்னாடியே போட்டா கப்ளிங் தாங்காதுங்கய்யா," என்றார்.

"தாங்காதுன்னு தெரியும் தம்பி. பிள்ளைங்க அதைத்தான் பாக்கணும்," என்றேன்.

ஏற்றத்தில் பாதி தூரம் ஏறியதும் மூன்றாவது இன்ஜினுக்கும் முதல் வேகனுக்கும் இடையே 'டக்' என்ற சத்தத்தோடு கப்ளிங், அதாவது இணைப்புக் கொக்கி, பிய்ந்தது. 58 வேகன்களும் பின்னோக்கி ஓடி வந்தன. அடியில் இரண்டு ஆசிரியர்கள் கையால் தடுத்து நிறுத்தினார்கள். பிய்ந்த கொக்கியை எடுத்துப் பிள்ளைகளின் உள்ளங்கையில் வைத்தேன். ஒரு நெல்மணியை விடச் சற்றுப் பெரிய பிளாஸ்டிக் துண்டு. அதன் வளைந்த பகுதி வெண்மையாக வெளிறி, நீண்டு, பிறகு பிளந்திருந்தது. முன்னால் இருக்கும் முதல் கப்ளிங்தான் பின்னால் உள்ள அத்தனை வேகன்களின் சுமையையும் தாங்குகிறது. இன்ஜினை எத்தனை வலுவாகச் செய்தாலும் அந்த ஒரு கப்ளிங்கின் தாங்குதிறனுக்கு மேல் இழுக்க முடியாது. என் பணிக்காலத்தில் இரும்பு கப்ளிங் உடைந்து ரயில் இரண்டாகப் பிரிந்ததை இரண்டு முறை கண்டிருக்கிறேன். உடைந்த முகத்தில் பழைய விரிசல் கருத்தும், புதிய முறிவு பளபளத்தும் இருக்கும்.

பிறகு ஓர் இன்ஜினைக் கழற்றி 38-ஆவது வேகனுக்குப் பின்னால் செருகினோம். அதே ஏற்றத்தில், அதே கொக்கிகளோடு, வண்டி முழுதாக ஏறியது. பின்னால் உள்ள 20 வேகன்களின் சுமையை நடு இன்ஜின் எடுத்துக்கொண்டதால் முதல் கப்ளிங்கின் பங்கு மூன்றில் ஒன்று குறைந்தது. ஆஸ்திரேலியச் சாதனையின் அடிப்படையும் இதுவே. எட்டு இன்ஜின்களும் ரயிலின் நீளம் நெடுகிலும் பிரித்து வைக்கப்பட்டிருந்தன. முன்னால் அமர்ந்த ஒரே ஓட்டுநர் வானொலி அலை மூலம் எல்லாவற்றையும் இயக்கினார். மதுரையிலிருந்து தென்காசி வழியாகக் கேரளத்துக்குப் போனவர்கள், செங்கோட்டைக்கும் புனலூருக்கும் இடையிலான மலைப்பாதையில் ரயிலின் பின்னாலும் ஓர் இன்ஜினை மாட்டித் தள்ளுவதைப் பார்த்திருப்பார்கள். நாங்கள் அதைப் 'பேங்கர்' என்போம். இரண்டுக்கும் தத்துவம் ஒன்றே.

இங்கே கடையின் ஒரு குறையைச் சொல்ல வேண்டும். மூன்று இன்ஜின்களும் ஒரே வேகத்தில் ஓடவில்லை. ஒரே மின்னழுத்தம் கொடுத்தாலும் ஒன்று மற்ற இரண்டை விட விரைந்தது. நடுவில் செருகிய இன்ஜின் விரைவானதாக அமைந்துவிட்டதால், முதல் ஓட்டத்தில் அது முன்னால் உள்ள வேகன்களை நெருக்கித் தள்ள, வளைவில் 31-ஆவது வேகன் வெளிப்பக்கமாகத் தூக்கி எறியப்பட்டது. வாடகைக்குத் தருமுன் இன்ஜின்களை ஒன்றுக்கொன்று ஒத்துப் பார்த்துத் தர வேண்டியது கடையின் பொறுப்பு. இளைஞர் அன்று மாலையே கடைக்குப் போய், இணையான வேறோர் இன்ஜினைக் கொண்டுவந்து மாற்றினார். அந்த அக்கறைக்கு நன்றி சொல்கிறேன். நிஜ ரயிலிலும் இது சிறிய சிக்கல் இல்லை. சுவிட்சர்லாந்தின் 100 பெட்டி ரயிலில் நான்கு நான்கு பெட்டிகளாக உள்ள 25 மின்சார ரயில்களை ஒன்றாகக் கோத்து ஏழு ஓட்டுநர்கள் இயக்கினார்கள். அது இறக்கத்தில் ஓடிய ரயில் என்பதால் பிரேக் பிடிப்பதுதான் வேலை. ஏழு பேரும் ஒரே கணத்தில் ஒரே அளவில் பிடித்தாக வேண்டும். மலைக்குள் செல்லும் சுரங்கங்களில் கைபேசியும் வானொலியும் எடுபடாததால், அவர்களுக்காகவே தனித் தொலைபேசிக் கம்பியை ரயில் நெடுக இழுத்தார்கள்.

வளைவில் இன்னொன்றையும் கவனித்தோம். சில வேகன்களில் பிள்ளைகள் மணல் நிரப்பியிருந்தார்கள். சில வெறுமையாக இருந்தன. வெற்று வேகன்களை முன்னாலும் மணல் வேகன்களைப் பின்னாலும் கோத்து வளைவில் இழுத்தபோது, முன்னால் உள்ள வெற்று வேகன்கள் வளைவின் உட்பக்கமாகச் சாய்ந்து விழுந்தன. வளைந்து கிடக்கும் கயிற்றை இரு முனையிலும் இழுத்தால் நேராவதற்குத் துடிப்பது போன்றது இது. கனமான வேகன்களை முன்னால் மாற்றியதும் சரியாயிற்று. ருத்ராஸ்திராவின் 354 வேகன்களும் வெறுமையானவை, சூப்பர் வாசுகியின் 295 வேகன்களோ சுமார் 27,000 டன் நிலக்கரி சுமந்தவை என்ற வேறுபாட்டை இந்தச் சோதனைக்குப் பிறகு சொன்னபோது பிள்ளைகள் உடனே பிடித்துக்கொண்டார்கள். நீளத்தில் முந்தியது ஒன்று, சுமையில் முந்தியது மற்றொன்று. இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

மின்சாரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெட்டியிலிருந்து தண்டவாளத்தின் ஒரே இடத்தில் மின்சாரம் கொடுத்தால், தொலைவில் வண்டி தளர்ந்துவிடுகிறது. இரண்டு மீட்டருக்கு ஓர் இணைப்புக் கம்பி கொடுத்த பிறகே சீராக ஓடியது. அந்தக் கம்பிகளைக் கடை தருவதில்லை; கேட்டு வாங்குங்கள்.

இந்த மாதிரியால் காட்ட முடியாத ஒன்று பிரேக். வேகன்களில் பிரேக்கே இல்லை. இதை நான் பெருங்குறையாகவே கருதுகிறேன், ஏனென்றால் நீளமான ரயிலின் கடினமான பகுதி இழுப்பதில் இல்லை, நிறுத்துவதில்தான் இருக்கிறது. நம் சரக்கு ரயில்களில் இன்ஜினிலிருந்து கடைசி வேகன் வரை ஒரு காற்றுக்குழாய் செல்கிறது. அதில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தம் இருக்கும்வரை பிரேக் விட்டிருக்கும், அழுத்தம் குறைந்தால் பிடிக்கும். ஓட்டுநர் முன்னால் காற்றைத் திறந்துவிடும்போது, அழுத்தம் குறைகிற செய்தி குழாய்க்குள்ளே வேகன் வேகனாகப் போய்ச் சேர வேண்டும். அது காற்றில் ஒலி செல்லும் வேகத்தை மிஞ்ச முடியாது. 7.353 கிலோமீட்டர் ரயிலில் செய்தி முன்னாலிருந்து மட்டுமே போனால், கடைசி வேகனை எட்டவே 21 நொடிகளுக்கு மேல் ஆகும். அதற்குள் முன்பாதி வேகம் குறைய, பின்பாதி வந்து நெருக்கித் தள்ளும். எனவேதான் நடுவில் உள்ள இன்ஜின்களும் ஒரே நேரத்தில் காற்றைத் திறக்கின்றன. சில நாடுகளில் ஒவ்வொரு வேகனுக்கும் மின்கம்பி மூலமே பிரேக் கட்டளை போகிறது. அதிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. 2018 நவம்பரில் அதே ஆஸ்திரேலியப் பாதையில், ஓட்டுநர் கீழே இறங்கிச் சோதித்துக்கொண்டிருந்தபோது, 268 வேகன்கள் கொண்ட ரயில் ஆளில்லாமல் 92 கிலோமீட்டர் ஓடியது. வேறு வழியின்றி அதைத் தடம் புரளச் செய்துதான் நிறுத்தினார்கள். இவற்றை விளக்க, பள்ளித் தோட்டத்தின் தண்ணீர்க் குழாயை வராந்தாவில் விரித்து, ஒரு முனையில் காற்றடித்து, மறுமுனையில் பலூன் கட்டிக் காட்டினேன். கடைக்காரர் இப்படி ஒரு துணைக்கருவியைச் செட்டோடு சேர்த்துத் தந்தால் வாடகையை உயர்த்தினாலும் தகும்.

விளக்கப் பலகைகளில் எனக்கு மனவருத்தம் உண்டு. அச்சு அழகாக இருந்தது. செய்தியில் பிழை இருந்தது. ருத்ராஸ்திராவை உலகிலேயே நீளமான ரயில் என்று போட்டிருந்தார்கள். ஆசியாவில் மிக நீளமான சரக்கு ரயில் என்று அறிவிக்கப்பட்ட ரயில் அது. ஆஸ்திரேலியச் சாதனையை அது தொடவில்லை. நம் நாட்டின் பெருமையைச் சொல்ல உண்மையே போதும். இன்னொரு பலகை, அமெரிக்காவின் 'பிக் பாய்' நீராவி இன்ஜினை உலகின் மிக வலுவான இன்ஜின் என்றது. 1941 முதல் 1944 வரை 25 மட்டுமே கட்டப்பட்ட அந்த இன்ஜின் நீராவிக் காலத்தின் அதிசயம்தான். 4014 எண் கொண்டது பழுது நீக்கப்பட்டு 2019-இல் மறுபடியும் ஓடியபோது நானும் காணொளியில் கண்டு நெகிழ்ந்தேன். ஆனால் சோதனையில் அது இழுவைக் கொக்கியில் காட்டிய திறன் சுமார் 6,290 குதிரைத் திறன். மதுரையிலிருந்து சென்னை விரைவு ரயில்களை இழுக்கும் நம் டபிள்யூஏபி-7 மின்இன்ஜினின் திறன் 6,350 என்று குறிக்கப்படுகிறது. சீனா 2020-இல் வெளியிட்ட, ஆறு பகுதிகளும் 24 அச்சுகளும் கொண்ட 'ஷென் 24' மின்இன்ஜினோ 28.8 மெகாவாட், அதாவது நம் டபிள்யூஏஜி-12பி-யைப் போல மூன்று மடங்குக்கும் மேல். இந்த இரு பலகைகளையும் நான் கழற்றிவிட்டு, சார்ட் தாளில் பேத்தியின் கையெழுத்தில் திருத்தி மாட்டினேன். கடையிலும் திருத்தங்களை எழுதிக் கொடுத்திருக்கிறேன். உரிமையாளர் மறுக்காமல் வாங்கிக்கொண்டார்.

நம் ஊர்ப் பாதையில் ஏன் இப்படி நீளமான ரயில்களை ஓட்டுவதில்லை என்று ஒரு மாணவர் கேட்டார். நல்ல கேள்வி. பெரும்பாலான நிலையங்களில் ரயிலை ஒதுக்கி நிறுத்தும் பக்கப் பாதையான லூப் லைன் 700 மீட்டர் அளவிலான ரயிலை ஒதுக்கத்தான் இடம் தரும். அதை மீறிய ரயிலை ஒதுக்க முடியாது. பின்னால் வரும் பயணிகள் ரயில் காத்திருக்க வேண்டும். விருதுநகருக்குத் தெற்கே ஒற்றை வழியாக இருந்த காலத்தில், என் பிரேக் வேன் லூப் லைனின் எல்லைக் கல்லைத் தாண்டி உள்ளே வந்துவிட்டதா என்று விளக்கைக் காட்டிப் பார்த்த இரவுகள் எத்தனையோ.

கொண்டுவருவதும் எடுத்துச்செல்வதும் குறித்த நேரத்தில் நடந்தன. உடைந்த கொக்கிகள் நான்கு; ஒன்றுக்கு 60 ரூபாய் வீதம் முன்பணத்தில் பிடித்துக்கொண்டு மீதியை மறுநாளே தந்துவிட்டார்கள். வேண்டுமென்றே உடைத்தது நான் என்பதால் எனக்கு அதில் குறையில்லை. ஆறாம் வகுப்புக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும், கூடவே ஓர் இயற்பியல் ஆசிரியர் நிற்கும் அரங்குக்கும் இந்தச் செட்டைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். வீட்டில் சின்னக் குழந்தைக்கு விளையாடக் கொடுக்க ஏற்றதில்லை. கொக்கிகள் வாயில் போடும் அளவில் இருக்கின்றன. எடுப்பவர்கள் மூன்று இன்ஜின்களையும் கடையிலேயே ஒரே பாதையில் ஓட்டிப் பார்த்து வாங்க வேண்டும். மாற்றுக் கொக்கிகள் குறைந்தது பத்து கேட்டு வையுங்கள்.

கடைசி நாள் மாலை, கூட்டம் குறைந்த பிறகு, எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி பிரேக் வேனின் மேல் ஒரு விரலை வைத்துக்கொண்டு, "தாத்தா, இப்ப எடுக்கச் சொல்லுங்க," என்றாள். இன்ஜின் நகர்ந்தது. கொக்கிகளின் இடைவெளி ஒவ்வொன்றாக இறுகும் மெல்லிய சடசடப்பு முன்னாலிருந்து எங்களை நோக்கி வந்தது. இன்ஜின் அரைச் சாண் தூரம் போன பிறகே அவள் விரலுக்கடியில் இருந்த வேன் ஒரு சிறு வெட்டோடு புறப்பட்டது. நிஜத்திலும் வேகனுக்குச் சில சென்டிமீட்டர் இப்படித் தளர்வு உண்டு. அந்த வெட்டு வரும் சத்தத்தைக் கேட்டதும் கார்டு கைப்பிடியைப் பற்றிக்கொள்வார். அவளிடம் அதைச் சொன்னேன். மறுபடியும் எடுக்கச் சொன்னாள். இம்முறை சத்தம் நெருங்கும்போதே மறுகையால் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.